அகத்திக்கால் வீட்டார்

ஆடி 8, திங்கள்

தக்காளி கிலோ நூற்றைம்பதுக்கு விற்கிற ஆடி இது. இரண்டாயிரம் ரூபாய் நோட்டை பாங்கில் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிலாவுக்கு ராக்கெட் விட்டுப் பத்து நாள் ஆகிறது. மதுரை நத்தம் ரோட்டில் மாடி மாடியாக நூலகம் திறந்திருக்கிறார்கள். எழுத்துத் தெரியாத நான் அதன் படியில் உட்கார்ந்து எழுந்து வரலாம், அவ்வளவுதான். பின்னால் யாராவது இது எந்த வருஷம் என்று கேட்டால் இவற்றைச் சொன்னால் போதும். எனக்கு வருஷம் நம்பராக மனசில் நிற்காது. என்ன நடந்தது என்பதாகத்தான் நிற்கும்.

நான் சோணைமுத்து. வயது எண்பது. கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மருமகள் தவமணி. தையல் கம்பெனியில் அவளுக்குக் கொடுத்த பழைய டைரி. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நான் சொல்லும் தேதியைப் போடுகிறாள்.

காரணம் பேத்தி நிவேதா. இருபத்து மூன்று வயது. போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை, ஓட்டம், தாண்டுதல் எல்லாம் தேறிவிட்டாள். ஐந்தடி பதினோரு அங்குலம். அளந்த அம்மாள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாராம். கடைசியில் உடம்புப் பரிசோதனை. நெஞ்சில் குழாயை வைத்த டாக்டர் வெகு நேரம் அதை எடுக்கவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

இன்று அங்கே போனோம். படம் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் அடியில் புடைத்திருக்கிறது என்றார். சைக்கிள் டியூபில் ஓர் இடம் மட்டும் புடைக்குமே, அப்படி. மூன்று சென்டிமீட்டர் இருக்க வேண்டியது நாலு புள்ளி மூன்று இருக்கிறதாம். ஊதிக்கொண்டே போனால் ஒரு நாள் கிழியும் என்றார். ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பிறகு நிவேதாவை ஒரு கையால் மற்ற மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னார். அவள் கட்டைவிரல் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டி ஏறி நின்றது. அந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அவள் பிறப்பதற்கு முன்பே.

டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார். "இது ரத்தத்துல இறங்கி வர்றதுங்கய்யா. இந்த உடம்புவாகு உங்க வீட்டுல யார் யாருக்கு இருந்துச்சு, எத்தனை வயசுல போனாங்க, எப்படிப் போனாங்க, எல்லாம் எனக்கு வேணும். அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். மூணு வாரம் எடுத்துக்கிட்டு ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

ஞாபகப்படுத்த எனக்கு ஒரு நாள்கூட வேண்டாம். சொல்வதற்குத்தான் நாள் வேண்டும்.

ஆடி 9, செவ்வாய்

ரேஷன் கடையில் என் விரல் ரேகை மெஷினில் விழவில்லை. நாலு தடவை துடைத்து வைத்தேன். ரேகை தேய்ந்துவிட்டது என்றார்கள்.

கொல்லையில் அவரை விதை ஊன்றினேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அவரைக்குக் கம்பு எதுக்குத் தேடுறீக, ஒங்க பேத்திய நிக்க வைங்க" என்றாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. "நான் நிக்கிறேன் அத்தை, காய் பறிக்க நீங்கதான் ஏணி கொண்டாரணும்" என்றாள் நிவேதா. இருவரும் சிரித்தார்கள். பேசிக்கொண்டே நிவேதா தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பாக்கியம் இறங்கி உள்ளே போய்விட்டாள்.

ஆடி 12, வெள்ளி

இன்று மாமனாரைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும்.

சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். வெற்றிலை பயிராகிற தோட்டத்தைக் கொடிக்கால் என்போம். வெற்றிலைக் கொடி தானாக நிற்காது. பாத்தியில் அகத்தி விதையை வரிசையாகப் போட்டு, அது வளர்ந்ததும் அடியில் கொடியை ஊன்றி, ஏற ஏற வாழைநாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போவோம். அந்த அகத்திதான் அகத்திக்கால். நெடுக, ஒல்லியாக, பக்கக் கிளை இல்லாமல் நிற்கும். ஊரில் எவன் அந்த வாகில் இருந்தாலும் அவனுக்கு அதுதான் பெயர். என் மாமனார் வீட்டில் எல்லோருமே அந்த வாகு. அதனால் வீட்டுக்கே அகத்திக்கால் வீடு என்று பெயர் வந்தது.

அதில் அவர்களுக்கு வருத்தமில்லை, பெருமைதான். இரண்டு பாத்திக்கு நடுவே தண்ணீர் ஓடும். சேற்றில் ஏணி நிற்காது. உச்சிக்கு ஏறிய கொடிக்குப் போடுகிற மேல்கட்டை நின்றபடியே கட்டுகிற ஆளுக்கு ஊரெல்லாம் கிராக்கி. பெண் கொடுத்தாலும் எடுத்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பார்கள். நெட்டைக்கு நெட்டை தேடித் தேடியே கட்டினார்கள். நல்லதைத்தான் சேர்க்கிறோம் என்று நினைத்தார்கள்.

மாமனார் அழகுமலை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழி. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அப்போது அவர் கொடிக்காலில் கூலி ஆள். காலையில் இரு கையையும் மேலே தூக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், "சோணை, முதுகுல எவனோ கத்தியால கீறுறான்டா" என்றார். அகத்தியில் சாய்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் மொண்டு திரும்புவதற்குள் போய்விட்டார். பாம்பு தீண்டியது என்றார்கள். பல் தடம் தேடினார்கள். குதிகாலில் ஒரு முள் தடம் கிடைத்தது. அதோடு எல்லோரும் திருப்தியானார்கள்.

ஆடி 14, ஞாயிறு

மச்சான் கூடலிங்கம், மாமனாரின் மகன். பெரிய புயல் அடித்த கார்த்திகை. முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. சாய்ந்த அகத்திகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். அதே முதுகு, அதே பேச்சு. கீறுகிறது என்றார். வண்டி பூட்டுவதற்குள் முடிந்தது. முனி அறைந்துவிட்டது என்று கிடாய் வெட்டினோம்.

கேட்டு எழுதிக்கொண்டிருந்த தவமணி, "ரெண்டு பேரும் ஒரே வார்த்தையா மாமா சொன்னாக?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவள் கையெழுத்து கோணிவிட்டது என்று நிவேதா சொல்கிறாள்.

ஆடி 18, வியாழன்

ஆடிப்பெருக்கு. தவமணி சித்திரான்னம் கட்டிக்கொண்டு வைகைக்குப் போகலாம் என்றாள். வேண்டாம் என்றேன். படியில் நிவேதாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வீட்டிலேயே சாப்பிட்டோம்.

இன்று என் பெண்டாட்டி பிச்சையம்மாளைச் சொல்கிறேன். நான் குட்டை, அவள் நெட்டை. அவள் தோளுக்குத்தான் நான் வருவேன். மாமனார் போன பிறகு, நல்ல உழைப்பாளி என்று பார்த்து எனக்குக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று பந்தியில் ஒருவன், "வெத்தலக் கொடிக்கு நல்ல அகத்திக்கால் கெடைச்சிருச்சு, இனிமே ஏற வேண்டியதுதான்" என்றான். பந்தியே சிரித்தது. தலைகுனிந்தபடி அவளும் சிரித்ததை நான் பார்த்தேன்.

இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம், அதற்கு இரண்டு மாதம் முன்னால். முப்பத்தாறு வயது. கொடிக்காலில் இல்லை, வீட்டு வாசலில் வெற்றிலையை எண்ணிக் கட்டுக் கட்டாக, கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. முதுகைத் தொட்டுக் காட்டினாள். இந்தத் தடவை நான் முனியிடம் போகவில்லை, மாட்டுவண்டியில் போட்டு ஓட்டினேன். தென்கரைப் பாலம் தாண்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தாண்டி ஏறி இருந்தது. பிறகு பிடி தளர்ந்தது.

இரண்டு பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

ஆடி 19, வெள்ளி

நேற்று இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேனாம். தவமணி வாசித்துக் காட்டினாள். எழுதினது எழுதினபடி இருக்கட்டும்.

ஆடி 23, செவ்வாய்

மகன் மாயழகு. தவமணியின் புருஷன். இதைச் சொல்ல நான் வேண்டாம், அவளே எழுதலாம். ஆனாலும் டாக்டரம்மா என் வாயால் கேட்டார்.

அவன் மில் வேலைக்கு வந்த பிறகு நானும் ஊரை விட்டு மதுரைக்கு வந்துவிட்டேன். ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்டு இல்லாத வருஷம். நாற்பது வயது. மில்லில் ஜெனரேட்டர் ஓடவில்லை என்று வெளியே வந்து உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே சாய்ந்தான். ஹார்ட் அட்டாக் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நிவேதாவுக்கு அப்போது பன்னிரண்டு.

எழுதி முடித்துத் தவமணி பேனாவை மூடவில்லை. "அன்னைக்குத் தூக்குறப்ப தெரு முனையில ஒரு பொம்பள நின்னாக. கூட்டத்துக்கு மேல தலை தெரிஞ்சுச்சு. அழுதுக்கிட்டே நின்னாக, கிட்ட வரல. யாருன்னு ஒங்ககிட்டக் கேட்டேன், மில்லுல வேலை பாக்குற பொம்பளைன்னு சொன்னீக. மில்லுல அப்பிடி யாருமே இல்ல மாமா" என்றாள்.

எனக்குச் சரியாக நினைவில்லை என்றேன்.

ஆடி 24, புதன்

மகள் பஞ்சவர்ணம். மாயழகுக்கு மூத்தவள். அம்மாவின் வாகு, அம்மாவைவிட இரண்டு விரல் கூடுதல். ராஜீவ் காந்தி குண்டில் செத்தாரே, அதற்கு முந்தின தை. இருபது வயது. காலையில் இருந்தாள், சாயங்காலம் இல்லை.

"முதுகு வலின்னு சொன்னாகளா?" என்று தவமணி கேட்டாள். சொல்லவில்லை என்றேன். "திடீர்னா?" திடீரென்றுதான். "வீட்டுலயா, கொடிக்கால்லயா?" வீட்டில் இல்லை என்றேன். அவள் மேலும் கேட்டாள், எனக்குத் தலை சுற்றுகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "ஒங்களுக்கு ஒரு பொண்ணு இருந்து தவறிருச்சுன்னு ஒங்க மகன் ஒரு தடவை சொன்னாக. அதுக்கு மேல கேட்டா எந்திரிச்சுப் போயிருவாக. எல்லாருக்கும் திதி குடுக்குறீக. அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் குடுக்கிறதில்ல?"

கன்னிப் பெண்ணுக்குக் கிடையாது என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

ஆடி 26, வெள்ளி

அவரைக்கொடி வீசத் தொடங்கிவிட்டது. நிவேதா குளிக்கப் போய் நேரமானால் கதவைத் தட்டுகிறேன். "உசுரோடதான் இருக்கேன் தாத்தா" என்று உள்ளேயிருந்து சொல்கிறாள். அந்த வார்த்தையைச் சொல்லாதே என்றேன்.

ஆடி 29, திங்கள்

ஆஸ்பத்திரி. தவமணி டைரியை வாசிக்க வாசிக்க டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பனிலிருந்து பிள்ளைக்கு ஒரு கோடு இறங்கும். செத்தவர் மேல் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. எழுத்துத் தெரியாத எனக்கு அந்தப் படம் முழுதும் புரிந்தது. அழகுமலை, கோடு. கூடலிங்கம், கோடு. பிச்சையம்மாள், கோடு. மாயழகு, கோடு. பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, "இருபது வயசு, திடீர்னு, சரியா?" என்று கேட்டு அதன் குறுக்கேயும் கோட்டை இழுத்தார். பேனா தாளில் இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

கோடு இல்லாமல் நின்றது கீழே ஒரே ஒரு வட்டம். நிவேதா.

டாக்டரம்மா பேனாவை அந்த இருபது வயசு வட்டத்தில் வைத்துத் தட்டினார். "மத்தவங்க எல்லாம் முப்பதுக்கு மேலதான் போயிருக்காங்க. அது மட்டும்னா மாத்திரை குடுத்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பாத்துக்கிட்டே வருவேன். குழாய் இந்த அளவுல இருக்கும்போது அவசரமா நெஞ்சைத் திறக்க மாட்டேன். ஆனா இருபதுல ஒரு பொண்ணு போயிருக்காங்க. அதுக்கப்புறம் நான் காத்திருக்க முடியாது."

ஆவணி பதினைந்தாம் தேதிக்கு ஆபரேஷன் குறித்தாயிற்று. நெஞ்செலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி வைத்து, குழாயை வெட்டி வேறு குழாய் வைப்பார்களாம். நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேர் எழுந்து வர மாட்டார்கள் என்று கேட்டேன். மூன்று பேர், நாலு பேர் என்றார்.

பஸ்ஸில் நிவேதா என் தோளில் தலை வைக்கப் பார்த்தாள். அவள் உயரத்துக்கு முடியவில்லை. என் தலையைத்தான் எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

ஆடி 30, செவ்வாய்

தெருவில் சுதந்திர தினக் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். தின்னவில்லை.

ஆவணி 2, சனி

டாக்டரம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். பஞ்சவர்ணம் காய்ச்சலில் செத்ததாக மாற்றிக்கொள்ளச் சொல் என்றேன். தவமணி பேசினாள். இவ்வளவு நாள் கழித்துப் பெரியவர் ஏன் மாற்றுகிறார், பேத்தியை அறுக்கப் பயந்து சொல்கிறார் போலிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாராம். தேதி தேதிதான்.

தவமணி போனை வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். "மாமா, காய்ச்சலா, திடீர்னா? ஒண்ணு சொல்லுங்க. எனக்கு இருக்கிறது ஒரே புள்ள."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுந்து போவது லேசாக இருந்திருக்கும். இப்போதும் எழுந்துதான் போனேன்.

ஆவணி 4, திங்கள்

இன்னும் பதினொரு நாள்.

ஆவணி 6, புதன்

நிலாவில் வண்டி இறங்கியது. சாயங்காலம் தெருவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. பாக்கியம் வீட்டில் கை தட்டினார்கள். நிவேதாவும் தட்டினாள், தட்டினவள் சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை, சட்டைப் பொத்தான் குத்திவிட்டது என்றாள். எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. டி.வி.யை அமர்த்தச் சொல்லிவிட்டு, டைரியை எடு என்றேன்.

எழுதிக்கொள். பஞ்சவர்ணம் சாகவில்லை.

வெற்றிலைக் கட்டு ஏற்ற வருகிற வேன்காரனோடு போய்விட்டாள். அவன் வேறு ஜாதி. பெயர் இன்னாசி. ஒட்டன்சத்திரத்துக்காரன். ஊரில் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர்கள் தலைமுழுகிவிட்டு வா என்றுதான் சொன்னார்கள். அதற்குமேல் செய்தது நான்.

அவளுக்குக் காரியம் செய்தேன். பாடையில் வைக்க உடம்பு வேண்டுமே. கொடிக்காலுக்குப் போய், காயாத, வெற்றிலை ஏறி நின்ற அகத்தி ஒன்றை, கொடியைப் பிய்த்து எறிந்துவிட்டு வெட்டினேன். என் தலைக்கு மேல் ஒரு முழம் விட்டு அளந்து தறித்தேன். அவள் உயரம். அவளுடைய மஞ்சள் தாவணியைச் சுற்றினேன். தூக்கிக்கொண்டு போய்ச் சுடுகாட்டில் வைத்தோம். பச்சை மரம், பற்றவில்லை. மூன்று தடவை மண்ணெண்ணெய் ஊற்றினேன். புகைதான் வந்தது, ஊர்ப் பக்கமாகவே வந்தது. மாயழகு மொட்டை போட மாட்டேன் என்று ஓடினான். பிடித்து அடித்து உட்கார வைத்தேன். சாவு வீட்டுச் சோறு பொங்கி எல்லோரும் தின்றோம். நான் இரண்டாம் தடவை வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகு அவளை உயிரோடிருப்பவளாக நான் எண்ணியதில்லை. டாக்டரம்மா செத்தவர்களைக் கேட்டபோது பட்டியலில் அவளும் வந்துவிட்டாள். முதலில் நான் பொய் சொல்லவில்லை, தவமணி. எனக்கு அவள் அப்படித்தான் இருந்தாள். அந்த வட்டத்தில் கோடு இழுத்தபோதுதான் பொய் என்று தெரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மாயழகு சாவன்று தெரு முனையில் நின்றது அவள்தான்.

ஆவணி 7, வியாழன்

இன்று எழுதுவது நிவேதா. அவள் அம்மா பேனாவைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காலையில் எனக்குச் சோறு வைத்தாள், தட்டைத் தள்ளி வைத்தாள். மாமா என்று கூப்பிடவில்லை.

"என்னைய அறுக்கத் தேதியும் குறிச்சாச்சு. அதுக்கப்புறம்தான் ஒங்களுக்கு மக இருக்கிறது ஞாபகம் வருது" என்றாள் நிவேதா. இதையும் எழுதுகிறேன் என்று எழுதிக்கொண்டாள்.

ஆனால் அவள்தான் போனை எடுத்தாள். வேன்காரன் என்றால் மார்க்கெட்டில் தெரிந்திருக்கும் என்று, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இரண்டு மண்டிகளின் நம்பரைத் தேடிப் பிடித்தாள். இன்னாசி என்றால் யாருக்கும் தெரியவில்லை. "ரொம்ப உசரமா, ஒல்லியா, ஒரு அம்மா" என்றதும் அந்தப் பக்கத்து ஆள் சிரித்தார். "முருங்கக்கா அக்காவா? இந்த மார்க்கெட்டுக்கே அப்பிடி ஒருத்தங்கதான்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "அவங்க கடைக்கு வந்து மூணு மாசம் ஆச்சும்மா. முதுகு வலின்னு படுத்துட்டாங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. முதுகு வலி என்ற சொல்லைக் கேட்டதும் அடுப்படியில் தவமணி கையிலிருந்த கரண்டி விழுந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் கொளுத்தியது அன்றைக்குப் பற்றவில்லை, இப்போதுதான் பற்றுகிறது என்று நினைத்தேன்.

ஆவணி 8, வெள்ளி

பஞ்சவர்ணம் வீட்டுப் போன் நம்பர் கிடைத்தது. நிவேதா பேசினாள். தான் யார் என்று சொன்னாள். அந்தப் பக்கமிருந்து பஞ்சவர்ணம் பேசினாள். அப்படியே பிச்சையம்மாளின் குரல்.

"எங்கய்யாவுக்கு நான் செத்து முப்பத்தி ரெண்டு வருசமாச்சு தாயி. செத்தவள எதுக்குத் தேடுறீக?"

"எனக்காகத்தான் அத்தை" என்று நிவேதா எல்லாவற்றையும் சொன்னாள். ஆபரேஷன் தேதியையும் சொன்னாள். அந்தப் பக்கம் இரண்டே கேள்வி. உன் வயது என்ன? நீ எவ்வளவு உயரம்?

"ஒங்க அளவு இருப்பேன்னு சொல்றாங்க."

"திங்கக்கிழமை வர்றேன். வேன்ல படுத்துக்கிட்டே வந்துருவேன்."

என்னைக் கேட்கவில்லை. நானும் போனை வாங்கவில்லை.

தவமணி இன்று தட்டைத் தள்ளாமல் வைத்தாள்.

ஆவணி 11, திங்கள்

மறுபடி தவமணிதான் எழுதுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உடனே எழுதுகிறோம்.

நாங்கள் முதலில் போய் உட்கார்ந்திருந்தோம். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து ஒரு பெண்பிள்ளை உள்ளே வந்தாள். தலை நரைத்திருந்தது. கூட இன்னாசி, கையில் பையும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லையாம். நிவேதா எழுந்து நின்றாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். குனியாமல் இன்னொரு பெண்ணின் முகத்தைப் பார்ப்பது இருவருக்கும் இதுதான் முதல் தடவையோ என்னவோ. அவள் நிவேதாவின் கையை எடுத்து, விரலை விரலோடு வைத்து அளந்து பார்த்தாள்.

என் பக்கம் திரும்பவில்லை. ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "மேல்கட்டுல நின்ன மரமாமே. வெட்டாம விட்டிருந்தா இன்னம் ரெண்டு வருசம் வெத்தல பறிச்சிருக்கலாம்."

யார் சொல்லி அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அவளை எழுந்திருக்க விடவில்லை. தள்ளு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். குழாய் ஐந்து புள்ளி நாலு. உள் சுவரில் ஏற்கெனவே ஒரு கீறல். "மூணு மாசமா இதோடயா காய் மூட்டைக்குப் பக்கத்துல படுத்திருந்தீங்க?" என்று கேட்டார். பற்றுப் போட்டேன், தைலம் தேய்த்தேன் என்றாள் பஞ்சவர்ணம்.

பிறகு எங்கள் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் இந்தக் குழாய் தாங்கியிருக்கிறது, இருபதில் யாரும் போகவில்லை, ஆகவே நிவேதாவை இப்போது அறுக்க வேண்டியதில்லை என்றார். மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு படம். பதினைந்தாம் தேதி குறித்த இடம் இனிப் பஞ்சவர்ணத்துக்கு. அதுவரை தாங்க வேண்டும், வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், இங்கேயே படுக்கட்டும் என்றார். கீறல் விழுந்த குழாய்க்கு நூற்றில் எத்தனை பேர் என்று இன்னாசி கேட்டார். மூன்று, நாலு இல்லை, அதற்கு மேலே என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார்.

தவமணி அப்போதுதான் பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்தாள். அண்ணி என்றாள். வாழ்நாளில் அந்த வார்த்தையை அவள் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை.

டாக்டரம்மா பழைய படத்தை எடுத்துப் பார்த்தார். அதை அடித்துத் திருத்த முடியாது, குழப்பும் என்று கிழித்துப் போட்டார். புதுத் தாளை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மொதல்லருந்து சொல்லுங்கய்யா. நீங்களே சொல்லுங்க."

தவமணி டைரியைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அழகுமலை, என் மாமனார் என்றேன். சதுரம், கோடு. கூடலிங்கம், என் மச்சான். கோடு. பிச்சையம்மாள், என் சம்சாரம். வட்டம், கோடு. மாயழகு, என் மகன். கோடு.

"இருக்கிறவங்க?"

நிவேதா, என் பேத்தி என்றேன். வட்டம். பேனா அதோடு நின்றது.

"வேற?"

டாக்டரம்மாவுக்குத் தெரியும். தள்ளு நாற்காலி அவர் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் பேனாவைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது. நாலு நாளில் ஆபரேஷன், அதற்குப் பிறகு அந்தக் கண் மறுபடி திறக்குமோ திறக்காதோ. அவள் காதுபட அந்தப் பெயரை நான் சொல்லி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. நாக்கு அதைத் தேடியது.

"இன்னொருத்தி இருக்கா" என்றேன். "எம் மக. பஞ்சவர்ணம்."